டெக்சஸ்ல 17 வயசுப் பையனைப் பிடிச்சா வீட்டுக்கு போன் வராதா?

கேள்வி, ஒரு வாசகர் (2024 செப்டம்பர் 14)

நேத்து ஒரு பர்த்டே பார்ட்டில ஒருத்தர் சொன்னார், டெக்சஸ்ல 17 வயசு ஆயிட்டா போலீஸுக்கு அவன் பெரியவனாம், பிடிச்சா அப்பா அம்மாவுக்கு சொல்லணும்னு கட்டாயமே இல்லையாம். 18 வரைக்கும் மைனர்தானே? வாட்ஸப் வதந்தியா உண்மையா? எங்க வீட்ல ஒருத்தனுக்கு 16 முடியப் போகுது, அதான் கேக்கறேன்.

என் பதில், செப்டம்பர் 14, ராத்திரி

வதந்தி இல்ல, உண்மைதான். டெக்சஸ் குடும்பச் சட்டத்துல குழந்தைன்னா 10 வயசு ஆனவங்க, 17 ஆகாதவங்க. 17வது பர்த்டே அன்னிக்கு காலைலேர்ந்து கிரிமினல் கேஸுக்கு பையன் பெரியவன். அதுக்கு முந்தின நாள் பிடிச்சா ஜுவனைல் கோர்ட், அதாவது சிறார் கோர்ட், மறுநாள் பிடிச்சா கவுண்டி ஜெயில், பெரியவங்களப் போடற ஜெயில்.

16 வயசுக்காரன பிடிச்சா போலீஸ் உடனே பெத்தவங்களுக்கு சொல்லணும். காவல்ல இருக்கும்போது அவன் எழுதிக் குடுக்குற வாக்குமூலம் கோர்ட்ல செல்லணும்னா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி, போலீஸ்காரங்க ரூம்ல இல்லாதப்ப, புரிஞ்சுதான் கையெழுத்து போடறானான்னு விசாரிச்சு வாங்கணும். 17க்கு ரெண்டுமே கிடையாது. டிவில வர்ற மாதிரி "பேசாம இருக்க உனக்கு உரிமை இருக்கு" வசனத்த ஒப்பிச்சிட்டு கேள்விய ஆரம்பிச்சிரலாம். நம்ம வீட்டுப் பசங்க பெரியவங்க கேட்டா பதில் சொல்லணும்னு வளந்ததுங்க, வரிசையா எல்லாத்தையும் ஒப்பிச்சிடும்.

செப்டம்பர் 15

தூக்கம் வரல, அதனால இன்னொன்னு. அதே 17 வயசுக்காரனுக்கு இதே ஸ்டேட்ல ஓட்டு கிடையாது, லாட்டரி டிக்கெட் வாங்க முடியாது, ரெண்டுக்கும் 18 ஆகணும். சிகரெட், வேப் 2019 செப்டம்பர்லேர்ந்து 21. ஸ்கூல்ல சுத்திப் பாக்க கூட்டிட்டுப் போறதுன்னா நான் கையெழுத்து போட்ட தாள் வேணும். ஜெயிலுக்கு மட்டும் என் கையெழுத்து வேண்டாம்.

செப்டம்பர் 15, சாயங்காலம்

முதல் நோட்ல தப்பா எழுதிட்டேன், ஒரு தம்பி சுட்டிக்காட்டினார், நன்றி. பிடிச்ச தேதி கணக்கு இல்ல, தப்பு நடந்ததா சொல்ற தேதிதான் கணக்கு. 16ல செஞ்சதுக்கு 17ல பிடிச்சாலும் அது ஜுவனைல் கோர்ட்டுக்குத்தான் போகும். அவசரத்துல "பிடிச்சா பிடிச்சா"ன்னு தட்டிட்டேன்.

செப்டம்பர் 18

"நம்ம பசங்க எதுக்கு ஜெயிலுக்குப் போறாங்க, படிக்கிற பசங்க"ன்னு ஒருத்தர் போட்டிருந்தார். சரி, எனக்குத் தெரிஞ்ச கதை. ஊர் பேர், ஆள் பேர் கேக்காதீங்க.

சனிக்கிழமை ராத்திரி, தியேட்டர் பார்க்கிங். கார்ல ரெண்டு பசங்க, ரெண்டும் நம்ம பசங்க, ஒரே க்ளாஸ். ஒருத்தனுக்கு 16, இன்னொருத்தனுக்கு 17 ஆகி ஆறு வாரம். கார் கதவுல பாட்டில் வைக்கிற இடத்துல ஒரு வேப் பேனா, அதுக்குள்ள டிஎச்சி எண்ணெய், அதாவது கஞ்சாலேர்ந்து எடுக்கற போதை எண்ணெய். எனக்கும் அன்னிக்குத்தான் தெரியும், டெக்சஸ்ல கஞ்சா இலை ரெண்டு அவுன்ஸுக்குள்ள வெச்சிருந்தா சின்ன குற்றம்தான், ஆனா அதே சமாச்சாரம் எண்ணெயா பேனாக்குள்ள இருந்தா ஒரு கிராமுக்குக் கம்மியா இருந்தாலே ஃபெலனி, பெரிய குற்றம். 180 நாள்லேர்ந்து ரெண்டு வருஷம் வரைக்கும், கூட 10,000 டாலர் வரைக்கும் அபராதம். இலைய விட எண்ணெய் ஆபத்துன்னு எவனோ எப்பவோ எழுதி வெச்சது, அப்ப வேப் பேனான்னு ஒன்னு கிடையாது.

16 வயசுக்காரன் அம்மாவுக்கு பத்து மணிக்குள்ள போன் வந்திருச்சு, அலறிக்கிட்டு போனாங்க. 17 வயசுக்காரன் அம்மாவுக்கு யாரும் கூப்பிடல. பதினோரு மணிக்கு தெரியாத நம்பர்லேர்ந்து போன், எடுத்தா மெஷின் குரல். நாமெல்லாம் என்ன பண்ணுவோம்? கார் வாரண்டி விக்கறவன்னு நெனச்சு கட் பண்ணுவோம். மூணு தடவை கட் பண்ணிருக்காங்க. அது ஜெயிலுக்குள்ளேர்ந்து அவன் போட்ட கால். அந்த இன்னொரு அம்மா ராத்திரி பன்னெண்டரைக்கு கதவத் தட்டினப்பதான் இவங்களுக்கு விஷயமே தெரியும்.

பேனா யாருதுன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது, நானும் கேக்கல.

செப்டம்பர் 19

ஸ்கூல்ல பிடிச்சா? இது வேற, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ஸ்கூல்ல ஒழுங்கு நடவடிக்கைன்னு போய் போலீஸ் காவல்ல எடுத்தா ஸ்கூல் பெத்தவங்களுக்கு சொல்லணும்னு கல்விச் சட்டத்துல தனியா இருக்கு, 17 ஆனாலும் சொல்லணும். பார்க்கிங் லாட்டுக்கு அந்த சட்டம் வராது. 2023ல கொண்டு வந்த சட்டப்படி ஸ்கூல்ல வேப்போட மாட்டினா, உள்ள வெறும் நிகோடினா இருந்தாலும், ஒழுங்கு நடவடிக்கைக்குன்னு இருக்கற மாத்து ஸ்கூலுக்கு அனுப்பியே ஆகணும்னு அப்ப வந்தது, அது ஜெயில் இல்ல, ஆனா அந்த ஸ்கூலுக்குள்ள போறப்ப பசங்க மொகத்தப் பாக்கணும்.

செப்டம்பர் 22

நான் சொல்ல நெனச்சதே இதுதான், கதைல மறந்துட்டேன். விசா.

அந்த 17 வயசுப் பையன் எச்4, அப்பாவோட வேலை விசாவ ஒட்டிக் கிடைக்கிற விசா. அப்பா எச்1பி, அதான் அந்த வேலை விசா, கிரீன் கார்டு க்யூல நம்மள மாதிரி தாத்தா ஆகற வரைக்கும் நிக்கணும். கிரிமினல் வக்கீல் நல்ல மனுஷன், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது அரசு வக்கீல், ஆபீஸ்ல பேசி "டிஃபர்டு" வாங்கித் தரேன்னார். தீர்ப்பு எழுதாம நிறுத்தி வெப்பாங்க, சொன்னபடி நடந்துக்கிட்டா கேஸ் தள்ளுபடி, ரெக்கார்ட்ல தண்டனைன்னு வராது. இந்த ஊர்க்காரங்களுக்கு அது சந்தோஷமான செய்தி. ஆனா இமிக்ரேஷன் சட்டத்துல 1996லேர்ந்து கன்விக்‌ஷனுக்கு, அதாவது குற்றவாளின்னு தீர்ப்பாகறதுக்கு, அர்த்தமே வேற. குற்றத்த ஒத்துக்கிட்டு, ஜட்ஜ் ஏதாவது ஒரு கட்டுப்பாடு போட்டா போதும், டெக்சஸ் என்ன பேர் வெச்சாலும் அவங்களுக்கு அது கன்விக்‌ஷன்தான். இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேக்காம கையெழுத்து போட்டிருந்தா பையன் கதி என்னவோ.

ஜுவனைல் கோர்ட்ல முடிஞ்ச விஷயம் இமிக்ரேஷனுக்கு கன்விக்‌ஷனே கிடையாது. இமிக்ரேஷன் அப்பீல் போர்டு 2000லயே தெளிவா சொல்லிருச்சு. அப்ப அந்தக் கார்ல முன்சீட்ல ஒருத்தன், பின்சீட்ல ஒருத்தன், ஒரே பேனா, ஒருத்தனுக்கு இந்த நாட்ல இருக்கலாமாங்கற கேள்வியே வந்துருச்சு. ஆறு வாரத்துல.

ஒன்னேகால் வருஷம் இழுத்து கடைசில கேஸ் தள்ளுபடி. வக்கீல் ஃபீஸுக்கு அவங்க ஊர்ல வெச்சிருந்த மனைய வித்தாங்க.

செப்டம்பர் 23

திருத்தம். "கன்விக்‌ஷன் இல்ல, அப்ப ஜாலி"ன்னு யாரும் எடுத்துக்காதீங்க. கிரீன் கார்டு ஃபார்ம்ல, சிட்டிசன்ஷிப் ஃபார்ம்ல எல்லாம் எப்பவாவது கைதா ஆனீங்களான்னு கேப்பாங்க, அதுக்கு பொய் சொல்லக்கூடாது. நான் வக்கீல் இல்ல, டேட்டாபேஸ் பாத்துக்கற ஆள். வக்கீலப் பாருங்க.

அக்டோபர் 3

கொலு வேலைல இருந்தேன், படி அடுக்கி முடிச்சாச்சு. ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, "அக்கா, மத்த ஸ்டேட்ல எப்படி? நாங்க மாறலாமான்னு யோசிக்கறோம்." மாறறதுக்கு இது ஒரு காரணமாம்மா, சரி சொல்றேன்.

பெரும்பாலான ஸ்டேட்ல 18தான். 17லயே பெரியவன்னு வெச்சிருக்கறது டெக்சஸ், ஜார்ஜியா, விஸ்கான்சின், மூணுதான். நார்த் கரோலினா 16லயே பெரியவன்னு ரொம்ப நாள் வெச்சிருந்தது, 2017ல சட்டம் போட்டு 2019 டிசம்பர்லேர்ந்து மாத்துச்சு. நியூயார்க்கும் அதே 2017ல போட்டு 2018ல 16 வயசுக்காரங்களுக்கும் 2019ல 17 வயசுக்காரங்களுக்கும் கொண்டு வந்தது. வெர்மான்ட் ஒரு படி மேல, 2020 ஜூலைலேர்ந்து 18 வயசுக்காரங்களையும் ஜுவனைல் பக்கம் சேத்துக்கிட்டாங்க.

அக்டோபர் 5

மூணு இல்ல, நாலு. லூசியானாவ விட்டுட்டேன். 2016ல 18க்கு ஏத்தினாங்க, எல்லாரும் கை தட்டினாங்க, அந்தப் பழைய செய்தி என் மண்டைல அப்படியே உக்காந்திருச்சு. புது கவர்னர் வந்தாரு, 2024ல ஸ்பெஷல் செஷன் கூட்டினாரு, ஏப்ரல்லேர்ந்து பழையபடி 17. நார்த் கரோலினாவும் 2024ல பெரிய ஃபெலனி கேஸ்ல சிக்கற 16, 17 வயசுப் பசங்களுக்கு வழிய மாத்திருச்சு, நேரா பெரியவங்க கோர்ட்டுக்கு. மேல ஏறினது அப்படியே நிக்கும்னு நெனச்சேன், பாருங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு ஒருத்தர் சந்தேகமா கேட்டார், "கூகுள் பண்டிதரா"ன்னு. ஸ்டேட் சட்டசபைகளுக்குன்னு ஒரு பொது அமைப்பு இருக்கு, என்சிஎஸ்எல், 1975ல ஆரம்பிச்சது, டென்வர்ல ஆபீஸ். ரெண்டு கட்சிக்கும் பொது. 50 ஸ்டேட்லயும் எந்தச் சட்டம் எப்படி இருக்குன்னு அட்டவணை போட்டு எம்எல்ஏக்களுக்கும் அவங்க ஆபீஸ் ஆளுங்களுக்கும் குடுக்கறது அவங்க வேலை. கிரிமினல் சட்டம், சிறார் சட்டம் ரெண்டுக்கும் தனித்தனியா ஆள் இருக்காங்க. நான் அத முதல்ல பாத்தது எங்கன்னா... பெரிய கதை, நாளைக்கு.

அக்டோபர் 8

நாளைக்குன்னது மூணு நாள் ஆச்சு, சுண்டல் வேலை.

2023 சட்டசபை செஷன். அந்தப் பையன் கேஸ் நடந்துட்டிருந்த சமயம். வயச 18 ஆக்கணும்னு ஒரு பில் கமிட்டிக்கு வருது, யார் வேணா வந்து பேசலாம்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னா. நான் சிட்டிசன் இல்லயேன்னேன். யாரும் கேக்க மாட்டாங்கன்னா. ரெண்டு பேரும் காலைல நாலு மணிக்குக் கெளம்பி தலைநகர் ஆஸ்டின் போனோம்.

கேபிடல்ங்கற சட்டசபைக் கட்டடம் வெளிய செவப்புக் கருங்கல், பாக்க கோயில் மாதிரி கம்பீரம். ஆனா ஹியரிங் நடக்கறதெல்லாம் பூமிக்கு அடில தோண்டி வெச்சிருக்கற ரெண்டு மாடில. போனதும் ஒரு ஐபேட்ல பேர் பதியணும், இல்ல அங்க இருக்கற வைஃபைல நம்ம போன்லேர்ந்து பதியலாம், வீட்லேர்ந்து முடியாது. பேர், ஊர், யார் சார்பா, எந்த பில். கடைசில மூணு பட்டன்: ஆதரவு, எதிர்ப்பு, "ஆன்". பில் மேல பேச வந்திருக்கோம், அப்ப "ஆன்"தானேன்னு அமுக்கிட்டேன். அதுக்கு அர்த்தம் நான் ரெண்டு பக்கமும் இல்ல, தகவல் சொல்ல மட்டும் வந்தேன்னு. அரசாங்க அதிகாரிங்க அமுக்கற பட்டன் அது. சாட்சிப் பட்டியல்ல இன்னிக்கும் என் பேர் நடுநிலைல நிக்குது, அழுதுக்கிட்டே பேசின நடுநிலை.

காலைல எட்டரைக்குப் போனவங்க பேர ராத்திரி பத்து நாப்பதுக்குக் கூப்பிட்டாங்க. நடுவுல ஹவுஸ் (கீழ்சபை) கூடிருச்சுன்னு உறுப்பினர்கள் எல்லாம் எந்திரிச்சு மேல போயிட்டாங்க, எப்ப வருவாங்கன்னு யாருக்கும் தெரியாது. பொடி தடவின இட்லி கொண்டு போயிருந்தோம், பக்கத்துல உக்காந்திருந்த ஒரு கருப்பினப் பாட்டிக்கும் குடுத்தோம், பேரன் கேஸுக்காக ஹூஸ்டன்லேர்ந்து வந்திருந்தாங்க. காரம் தாங்கல அவங்களுக்கு, ஆனா ரெண்டாவதும் கேட்டாங்க. என் பேர மைக்ல எப்படிக் கூப்பிட்டாங்கன்னா, நான் இல்ல வேற யாரோன்னு உக்காந்திருந்தேன்.

ரெண்டு நிமிஷம். பச்சை, மஞ்சள், சிவப்பு லைட். போன்கால மொதல்ல சொல்லிட்டு, நான் கதைய பார்க்கிங் லாட்டுக்குக் கொண்டு வர்றதுக்குள்ள சிவப்பு.

வெளிய வந்தா ஒரு உறுப்பினரோட ஆபீஸ் பொண்ணு பின்னாடியே வந்துச்சு, இருபத்திமூணு இருபத்திநாலு வயசு இருக்கும். "உங்க போன்கால் விஷயம் எனக்கு மறக்காது, ஆனா ஒரு பக்கத்துல எழுதி வெச்சிருக்கீங்களா? நாளைக்கு பாஸ் என்ன கேப்பார்"ன்னு கேட்டுச்சு. இல்லயேன்னேன். அந்தப் பொண்ணு கைல இருந்த ஃபைல்ல மேல ஒரு அட்டவணை, ஸ்டேட் ஸ்டேட்டா வயசு, டெக்சஸ் வரில மஞ்சள் ஹைலைட்டர். அதுதான் என்சிஎஸ்எல் தாள்.

அக்டோபர் 9

பில் என்னாச்சுன்னு மூணு பேர் கேட்டாச்சு. கமிட்டியிலயே படுத்துருச்சு. 2017ல இதே மாதிரி ஒன்னு ஹவுஸ் வரைக்கும் பாஸாகி செனட்ல (மேல்சபை) போய் நின்னுது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வரும், போகும்.

அக்டோபர் 13

"எம்எல்ஏவுக்கு நாம எழுதிக் குடுக்கணுமா, அவங்களுக்கு ஆபீசர்ஸ் இல்லையா"ன்னு ஊர்லேர்ந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அண்ணே, இங்க சங்கதி வேற. டெக்சஸ் எம்எல்ஏ சம்பளம் மாசம் 600 டாலர். வருஷத்துக்கு இல்லண்ணே, மாசத்துக்குத்தான், ஆனாலும் வருஷத்துக்கு 7,200தானே, இங்க பீட்சா கடைல நின்னா அதவிட ஜாஸ்தி வரும். செஷன் நாளுக்குத் தனியா படி உண்டு. சபை கூடறது ஒத்தப்படை வருஷத்துல மட்டும், 140 நாள். ஹவுஸ்ல 150 பேர், செனட்ல 31. மிச்ச நாள்ல வக்கீல், டாக்டர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், மாட்டுப் பண்ணை. அந்த 140 நாள்ல ஆயிரக்கணக்குல பில். ஒவ்வொரு ஆபீஸ்லயும் நாலஞ்சு பேர், பாதிப்பேர் காலேஜ் முடிச்ச பசங்க. சுருக்கமா எழுதின தாள் கைல வந்தா வேண்டாம்பாங்களா?

ஆனா எல்லாத் தாளும் ஒன்னு இல்ல. லாபியிஸ்ட், அதாவது காசு வாங்கிக்கிட்டு ஒரு தரப்புக்காகப் பேசறவங்க, குடுக்கற தாளும் பளபளன்னுதான் இருக்கும்.

அக்டோபர் 20

எந்தத் தாளு வேலை செஞ்சிருக்குன்னு தேடினேன், ரெண்டு கெடச்சது.

2007. சட்டசபையோட பட்ஜெட் போர்டு கணக்கு போட்டு 2012க்குள்ள இன்னும் 17,000 ஜெயில் படுக்கை வேணும், செலவு ரெண்டு பில்லியன் டாலர் வரைக்கும் போகும்னு சொல்லிருச்சு. கைல கணக்க வெச்சுக்கிட்டு ரெண்டு பேர் உக்காந்தாங்க, ஹவுஸ்ல நம்ம ப்ளேனோ பக்கத்து ரிப்பப்ளிகன் ஜெர்ரி மேடன், தொழில் இன்ஜினியர், செனட்ல ஹூஸ்டன் டெமாக்ரட் ஜான் விட்மயர். ஏன் ஜெயில் நிரம்பி வழியுதுன்னு பாத்தா, பரோல் கிடைச்சவன் வெளிய போக முடியல ஏன்னா போதை சிகிச்சைக்கு க்யூ. 241 மில்லியன் டாலர சிகிச்சைலயும் கண்காணிப்புலயும் போட்டாங்க, ஜெயில் கட்டல. டெக்சஸ்ல இது நடந்ததுன்னு மத்த ஸ்டேட்லாம் பாத்து எழுதினாங்க. மனசாட்சி கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனா படுக்கை எண்ணிக்கைதான் பேசியிருக்கு.

ரெண்டாவது, சிறார் பக்கம். 2015 ஜனவரில ஸ்டேட் அரசுகள் கவுன்சிலோட நீதி மையம் டெக்சஸ் ரெக்கார்ட அலசி ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. ஸ்டேட் நடத்தற, பூட்டி வெக்கற விடுதிலேர்ந்து வெளிய வர்ற பசங்க, அதே மாதிரி தப்பு செஞ்சு வீட்டுப் பக்கத்துலயே கண்காணிப்புல இருந்த பசங்கள விட, ஒரு வருஷத்துல மறுபடி கைதாக 21 சதவீதம் கூடுதல் வாய்ப்பு. திரும்ப மாட்டினா அது ஃபெலனியா இருக்கறதுக்கு மூணு மடங்கு வாய்ப்பு. அதே மையம் 2011ல இன்னொன்னு பண்ணிச்சு, கிட்டத்தட்ட பத்து லட்சம் டெக்சஸ் பிள்ளைங்கள ஏழாம் க்ளாஸ்லேர்ந்து தொடந்து பாத்தாங்க, பன்னெண்டு முடிக்கறதுக்குள்ள நூத்துக்கு அறுபது பேர் ஒருக்காவாவது சஸ்பெண்ட் ஆயிருக்காங்க. அதுல சட்டப்படி கட்டாயம் தண்டிச்சே ஆகணுங்கற தப்பு வெறும் 3 சதவீதம், மிச்சமெல்லாம் ஸ்கூல் தன்னிஷ்டத்துக்குப் போட்டது. அடுத்த நாலு வருஷத்துல ஸ்கூல்ல சத்தம் போட்டதுக்கெல்லாம் போலீஸ் டிக்கெட் குடுக்கறது குறைஞ்சுது, 2015ல ஸ்கூலுக்கு மட்டம் போட்டது குற்றம் இல்லன்னு ஆச்சு. அதுவரைக்கும் மட்டம் போட்டவனுக்கு அபராதம், கிரிமினல் ரெக்கார்ட். நான் விருதுநகர்ல படிச்சப்ப அந்தச் சட்டம் இருந்திருந்தா மேட்னி ஷோவே நடந்திருக்காது.

அக்டோபர் 21

என் வீட்டுக்காரர் இத எல்லாம் படிச்சிட்டு "நீ ஒரு பக்கமா எழுதற"ன்னார். உண்மைதான். அதனால இது.

17 வயசுக்காரன ஜுவனைல் பக்கம் அனுப்பணும்னு கத்தறோம், அந்தப் பக்கம் என்ன சொர்க்கமா? 2007ல பயோட்ங்கற பாலைவன ஊர்ல இருந்த ஸ்டேட் சிறார் பள்ளில அதிகாரிங்களே பசங்கள நாசம் பண்ணினது வெளிய வந்தது. 2005லயே ஒரு டெக்சஸ் ரேஞ்சர், ஸ்டேட் போலீஸ் விசாரணை அதிகாரி, விசாரிச்சு முடிச்சும் ரெண்டு வருஷம் ஃபைல் கெடந்துருக்கு. அப்புறம்தான் சின்னத் தப்புக்கு ஸ்டேட் விடுதிக்கு அனுப்பக்கூடாதுன்னு சட்டம், 2011ல பழைய துறையக் கலைச்சு புதுத் துறை. சரியாச்சான்னு பாத்தா இந்த 2024 ஆகஸ்ட்ல மத்திய நீதித்துறை அறிக்கை, அஞ்சு விடுதிலயும் அடி, மொளகாய் ஸ்ப்ரே, தனியா அடைக்கறது, பாலியல் தொல்லைலேர்ந்து காப்பாத்தாதது, எல்லாமே அரசியல் சட்ட மீறல்னு எழுதிருக்காங்க. ஆள் பத்தல, வேலைக்கு வர்றவன் நிக்கறதில்ல. அங்க இன்னும் ஒரு வயசுப் பசங்கள கொண்டு போய்க் கொட்டினா என்ன ஆகும்னு எதிர்க்கறவங்க கேக்கறதுல நியாயம் இருக்கு.

இருந்தாலும் என் பதில் இது. 17 வயசுப் பசங்க மாட்டறது முக்காவாசி திருட்டு, கஞ்சா மாதிரி சமாச்சாரம். அவங்கள்ள ரொம்பப் பேர் எந்த விடுதிக்கும் போக வேண்டியதே இல்ல, ப்ரொபேஷன் ஆபீசர் கண்ணுல வீட்லேர்ந்தே முடியும். அதோட ஜெயில்ல பாலியல் கொடுமையத் தடுக்கற 2003 மத்திய சட்டத்துக்காக 2012ல எழுதின விதிப்படி பெரியவங்க ஜெயில்ல 18க்குக் கீழ இருக்கறவங்கள மத்தவங்க கண்ணுல படாம, சத்தம் கேக்காம தள்ளி வெக்கணும். ஸ்டேட் சட்டத்துக்கு பெரியவன், மத்திய விதிக்கு சின்னவன். சின்ன கவுண்டி ஜெயில்ல அதுக்கு என்ன வழி? தனி ரூம்ல போட்டுப் பூட்டறதுதான். அந்தப் பையன் உள்ள இருந்த ரெண்டு நாளும் அப்படித்தான். "நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க ஆன்ட்டி, யாருமே பேசலங்கறதுதான்"னான்.

வீட்டுக்காரருக்கு திருப்தியான்னு தெரியல, டிவி பாக்கப் போயிட்டார்.

நவம்பர் 3

தீபாவளி முடிஞ்சு இப்பதான் வர்றேன். "நம்ம ஊர்ல எப்படி"ன்னு கேட்டவருக்கு சுருக்கமா. இந்தியால 18. 1986 சட்டத்துல பையனுக்கு 16, பொண்ணுக்கு 18னு இருந்தது, 2000ல ரெண்டு பேருக்கும் 18. டெல்லி நிர்பயா கேஸுக்கு அப்புறம் வந்த 2015 சட்டம் 2016 ஜனவரிலேர்ந்து அமல், அதுல 16லேர்ந்து 18க்குள்ள கொடூரக் குற்றம்னா சிறார் நீதிக் குழுமம் மொதல்ல பையனோட மனநிலைய மதிப்பிட்டு, பெரியவனா விசாரிக்கணுமான்னு முடிவு பண்ணும். ஒவ்வொருத்தனையும் பாத்து முடிவு பண்றது அது, இங்க மாதிரி பர்த்டே பாத்து இல்ல. இன்னொரு விஷயம், இந்தியாலயே முதல் குழந்தைகள் சட்டம் போட்டது மெட்ராஸ்தான், 1920ல. கூர்நோக்கு இல்லம் எல்லாம் எப்படி இருக்குங்கறது தனிக் கதை, இங்க இழுத்தா இந்த இழை முடியாது.

நவம்பர் 4

"கருணை காட்டற கோர்ட்டுன்னா வக்கீல் எதுக்கு"ன்னு ஒருத்தர். அத 1967லயே கேட்டு முடிச்சாச்சு. சிகாகோல 1899ல மொத ஜுவனைல் கோர்ட் ஆரம்பிச்சப்ப ஜட்ஜ் அப்பா மாதிரி, அப்பாகிட்டப் பேச வக்கீல் எதுக்குன்னுதான் நெனச்சாங்க. 1964ல அரிசோனால ஜெரால்ட் கால்ட்னு 15 வயசுப் பையன், பக்கத்து வீட்டம்மாவுக்கு போன் போட்டு அசிங்கமா பேசினான்னு பிடிச்சாங்க. அவன் அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க, பிடிச்சதயே வீட்டுக்கு சொல்லல. சாயங்காலம் வந்து பிள்ளையக் காணோம்னு தேடிருக்காங்க. புகார் குடுத்தம்மா கோர்ட்டுக்கே வரல. தீர்ப்பு, 21 வயசு வரைக்கும் சீர்திருத்தப் பள்ளி. ஆறு வருஷம். அதையே பெரியவன் செஞ்சிருந்தா அதிகபட்சம் 50 டாலர் அபராதம், இல்ல ரெண்டு மாசம். அமெரிக்க உச்ச நீதிமன்றம்தான் 1967ல சிறாருக்கும் வக்கீல் உரிமை, குற்றச்சாட்ட முன்கூட்டியே எழுத்துல தரணும், எதிர்சாட்சிய கேள்வி கேக்கலாம்னு சொல்லுச்சு.

60 வருஷம் ஆச்சு, நான் எழுதினதும் வீட்டுக்கு சொல்லாத கதைதான். இப்பதான் எனக்கே உறைக்குது.

நவம்பர் 17

அடுத்த செஷன் 2025 ஜனவரி 14. பில் ஃபைல் பண்றது இப்பவே ஆரம்பிச்சாச்சு. இந்த தடவ நான் ஒரு பக்கம் எழுதறேன். மொத வரைவ என் பையன் படிச்சிட்டு "அம்மா, இது ஒரு பக்கம் இல்ல, ஒன்பது பாயின்ட் ஃபான்ட்"ன்னான். 21 சதவீதம் இருக்கட்டும், நாலு ஸ்டேட் பட்டியல் இருக்கட்டும், விசா விஷயத்த எடுக்கணுமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசனை. எச்4 பத்தி பேசினா சில பேர் அந்த வரியோட படிக்கறத நிறுத்திடுவாங்க. எடுத்துட்டேன். திரும்பப் போட்டேன். இப்ப எடுத்து வெச்சிருக்கேன்.

போன்காலும் ஸ்பேமும் மட்டும் மேல, மொத வரில.

2024 டிசம்பர் 15

கேள்வி கேட்டவர் வந்து "எங்க வீட்டு பையனுக்கு நேத்து 17, என்ன சொல்லித் தரணும்"ன்னார். எங்க வீட்லயும் இந்த மாசந்தான். நான் சொல்லிக் குடுத்தது ரெண்டே வாக்கியம், "எனக்கு வக்கீல் வேணும்", "அம்மாவுக்கு போன் பண்ணணும்". மரியாதையா சொல்லு, அதுக்கு மேல வாயத் தொறக்காதன்னேன். அவனுக்கு சிரிப்பு. அப்புறம் கேட்டேன், போன வாங்கி வெச்சிடுவாங்கடா, என் நம்பர் தெரியுமா?

தெரியாதாம். போன்ல "அம்மா"ன்னு இருக்காம். கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுமாம், அது வைஃபை பாஸ்வேர்ட்ல வர்றதால.

பத்து நம்பரும் ஒப்பிச்சாத்தான் காலைல தோசை. இன்னிக்கு மூணாவது நாள், நடுவுல ஒரு 6 இன்னும் இடம் மாறுது.